மனநோய்க்கு மாத்திரை எடுப்பவரின் நெஞ்செரிச்சலை யார் பார்ப்பது?

உங்கள் கேள்வி ஒரு மாத்திரையைப் பற்றியது போலத் தொடங்குகிறது. அண்ணனுக்கு 46 வயது. 19 ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை. நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட். ஓலான்சபின் தொடங்கிய பிறகு 20 கிலோவுக்கு மேல் எடை கூடியிருக்கிறது. எட்டு மாதமாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு எரிகிறது. பொது மருத்துவர்கள் பழைய மருந்துச் சீட்டைப் பார்த்ததும் “உங்கள் மனநல மருத்துவரிடமே காட்டுங்கள்” என்கிறார்கள். அவரோ “இது பொது மருத்துவர் பார்க்க வேண்டியது” என்கிறார். “மாத்திரையை நிறுத்திவிட்டால் உடம்பாவது தேறுமா?” என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியில் இருப்பது களைப்பு என்று எனக்குப் படுகிறது. நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான்: மனநோயாளி என்று ஒருமுறை எழுதிவிட்ட பிறகு, அந்த மனிதரின் இதயமும் நுரையீரலும் யாருடைய பொறுப்பு? நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மனநல மருத்துவராகப் பணியாற்றுகிறேன். இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் அவசரமானது. இந்த வயது, புகைப்பழக்கம், கூடிய எடை, நடந்தால் மூச்சுவாங்கல், நெஞ்செரிச்சல் எல்லாம் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதை இதயக் கோளாறாக எண்ணித்தான் அணுக வேண்டும். இந்த வாரத்துக்குள் ஈசிஜி எடுத்தாக வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஹீமோகுளோபின் பார்த்தாக வேண்டும். ஒரு ஈசிஜி சரியாக இருந்துவிட்டால் இதயம் சரி என்று ஆகிவிடாது. உழைக்கும்போது வரும் தொல்லை, படுத்திருக்கும்போது எடுத்த படத்தில் தெரியாமல் போகலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அழுத்தினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, வலி தாடைக்கும் கைக்கும் பரவினாலோ, மயக்கம் வந்தாலோ எதற்கும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அவருக்கு என்ன நோய் என்று அவரைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. இரைப்பை அமிலமாக இருக்கலாம், இரத்தசோகையாக இருக்கலாம், நுரையீரலாக இருக்கலாம். ஆனால் எட்டு மாதமாக ஒரு பரிசோதனையும் செய்யாமல் “மனப் பதற்றம்” என்று சொல்லும் உரிமை எந்த மருத்துவருக்கும் கிடையாது. மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உங்களுக்கு நேர்ந்தது புதிதல்ல. ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு நோயின் நிழலில் அடுத்த நோய் கண்ணுக்குத் தெரியாமல் போவதை ஆய்வாளர்கள் 1982-இல் பெயரிட்டே விவரித்தார்கள். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களைப் பற்றி அப்போது சொன்னது மனநோய்க்கும் அப்படியே பொருந்துகிறது. பெரும்பாலும் இது கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை. மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். எதிரில் இருப்பவர் தொல்லையை வரிசையாகச் சொல்வதில்லை. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, முகத்தில் வலி தெரியவில்லை. மருந்துச் சீட்டில் இருக்கும் ஒரு பெயர் எல்லாவற்றுக்கும் விளக்கம் கொடுத்துவிடுகிறது. அதற்கு மேல் தேட மூளை மறுத்துவிடுகிறது.

இதை நான் வெளியே நின்று சொல்லவில்லை. நானே செய்திருக்கிறேன். க்ளோசபின் என்ற மனச்சிதைவு நோய் மருந்தை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், வயிற்றுக்குள் யாரோ சிமெண்ட் ஊற்றிவிட்டார்கள் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரமை கூடிவிட்டது என்று முடிவு செய்து மருந்தின் அளவைக் கூட்டினேன். மூன்றாம் நாள் காலையில் பணிக்கு வந்த செவிலியர் அவருடைய சட்டையை விலக்கி வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “டாக்டர், வயிறு கல் மாதிரி இருக்கிறது, எப்போது மலம் கழித்தார் என்று யாராவது கேட்டீர்களா?” என்றார். நான் கேட்கவில்லை. க்ளோசபின் குடலின் அசைவைக் குறைக்கும். குடல் அடைத்து உயிர் போகும் அளவுக்குக் கூடக் குறைக்கும். நான் கூட்டிக் கொடுத்தது அதே மருந்தை. அறுவை சிகிச்சையில் அவர் பிழைத்தார். சிமெண்ட் என்று அவர் சொன்னதைவிடத் துல்லியமாக அந்த உணர்வை வேறு எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து எவ்வளவு விசித்திரமான வார்த்தையில் உடம்பைப் பற்றிப் புகார் வந்தாலும் முதலில் உடம்பைத் தொட்டுப் பார்க்கிறேன், பிறகுதான் வார்த்தையைப் பற்றி யோசிக்கிறேன்.

இப்போது உறுதியாகத் தெரிந்தவை. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள். வசதியான நாடுகளிலும் இந்த இடைவெளி உண்டு. தற்கொலைதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள்; என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களும் முதலில் அப்படித்தான் சொல்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் மனநல சேவைகளுக்கு வந்தவர்களின் பதிவுகளை 1985 முதல் 2005 வரை ஆராய்ந்தார்கள். அதிகப்படியாக நேர்ந்த இறப்புகளில் சுமார் 78 சதவீதம் உடல் நோய்களால் வந்தவை. தற்கொலை சுமார் 14 சதவீதம். என்னை அதிகம் உறுத்துவது இன்னொரு கணக்கு: அந்த இருபது ஆண்டுகளில் ஆண்களின் ஆயுள் இடைவெளி 13.5 ஆண்டிலிருந்து 15.9 ஆண்டாகவும், பெண்களுக்கு 10.4-இலிருந்து 12 ஆண்டாகவும் கூடியது. இதய மருத்துவம் பெரும் பாய்ச்சல் கண்ட காலம் அது. அந்தப் பலன் மற்றவர்களைச் சென்றடைந்த அளவுக்கு இவர்களைச் சென்றடையவில்லை.

ஏன் சென்றடையவில்லை என்பதற்கு 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு ஒரு காரணத்தைக் காட்டியது. மாரடைப்புடன் மருத்துவமனையில் சேர்ந்த, 65 வயதுக்கு மேற்பட்ட ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். மாரடைப்பு உறுதியாகி, படுக்கையும் கிடைத்த பிறகும், மனநோய் உள்ளவர்களுக்கு அடைப்பை நீக்கும் சிகிச்சையும் பைபாஸ் அறுவையும் குறைவாகவே செய்யப்பட்டிருந்தன. இவர்கள் மருத்துவமனைக்கே வருவதில்லை, அதனால்தான் சாகிறார்கள் என்ற சமாதானம் இங்கே எடுபடாது. வந்தவர்களுக்கும் கிடைக்கவில்லை. புற்றுநோயிலும் இதே கதை: முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனைகள் குறைவாக நடக்கின்றன, நோய் முற்றிய பிறகு தெரிகிறது, பிழைப்பவர்கள் குறைகிறார்கள். உங்கள் வீட்டில் இதே நோய் உள்ள பெண் யாராவது இருந்தால், மார்பக, கருப்பைவாய்ப் பரிசோதனைகளை அவருக்கும் மற்றவர்களைப் போலவே நினைவூட்ட வேண்டும். அவரிடம் யாரும் கேட்பதே இல்லை.

மாத்திரைக்கு வருகிறேன். ஓலான்சபின் எடை கூட்டுகிறது என்பதில் சந்தேகமே இல்லை. பசியைத் தூண்டுகிறது, வயிறு நிறைந்தது என்ற உணர்வை மங்கச் செய்கிறது, சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றுகிறது. க்ளோசபினும் அப்படியே. “வாயைக் கட்டத் தெரியவில்லை” என்று வீட்டில் யாராவது அவரைத் திட்டுகிறார்கள் என்றால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பசி மருந்து உண்டாக்கிய பசி. அப்படியிருந்தும் ஏன் நிறுத்தக் கூடாது என்கிறேன்? பின்லாந்தில் மனச்சிதைவு நோய் உள்ள 66,881 பேரைப் பதினொரு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2009-இல் வெளியானது. மருந்தே எடுக்காதவர்களைவிட நீண்ட காலம் மருந்து எடுத்தவர்கள் குறைவாகவே இறந்தார்கள். உடலுக்கு இவ்வளவு தொல்லை தரும் க்ளோசபினை எடுத்தவர்களிடம்தான் இறப்பு எல்லாவற்றையும்விடக் குறைவு. இதை வைத்து மருந்துதான் ஆயுளைக் கூட்டியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒழுங்காக மருந்து எடுப்பவர் மருத்துவமனைக்கும் ஒழுங்காக வருவார், அடிக்கடி இரத்தப் பரிசோதனைக்கு உட்படுவார், யாராவது ஒருவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பார். பலனில் ஒரு பங்கு அதிலிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் மாத்திரைதான் கொல்கிறது, நிறுத்தினால் உடம்பு தேறிவிடும் என்ற கணக்கை இந்த ஆய்வு ஆதரிக்கவில்லை என்பது நிச்சயம். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்புகிறது. திரும்பினால் முதலில் பறிபோவது தூக்கம், உணவு, மருத்துவரைப் பார்க்கும் மனநிலை. உடம்பைப் பார்த்துக்கொள்ளும் திறனே மனநலத்தின் மேல்தான் நிற்கிறது.

நிறுத்துவதற்கும் இப்படியே விட்டுவிடுவதற்கும் நடுவில் நிறைய வழி இருக்கிறது. அரிபிப்ரசோல் போல எடையை அவ்வளவாகக் கூட்டாத மருந்துக்குப் படிப்படியாக மாறலாம். மாற்றும் மாதங்களில் நோய் கிளம்பும் ஆபத்தையும் சேர்த்து எடை போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பல ஆண்டுகளாகக் குரல்கள் அடங்கி, ஒரு வேலையும் கைவந்திருக்கும் ஒருவருக்கு நான் அவ்வளவு எளிதில் மருந்தை மாற்ற மாட்டேன். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்பார்மின் மாத்திரையைச் சேர்க்கலாம்; சராசரியாக மூன்று கிலோ அளவுக்கு எடை குறைகிறது. 20 கிலோ கூடியவருக்கு மூன்று கிலோ சிறிதாகத் தோன்றும். எடை ஏறத் தொடங்கிய முதல் மாதங்களிலேயே கொடுத்தால் ஏற்றத்தையே தடுக்க உதவும் என்பதால், தாமதமாக யோசிக்கப்படுவதுதான் என் வருத்தம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் மனநோய் உள்ளவருக்கும் மற்றவர்களைப் போலவே வேலை செய்கின்றன. “ஏற்கெனவே இத்தனை மாத்திரை சாப்பிடுகிறார்” என்ற தயக்கத்திலேயே பலருக்கு அவை எழுதப்படுவதில்லை.

சிகரெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் துறையே இதில் நெடுங்காலம் தவறாக நடந்துகொண்டது. “அவருக்கு இருக்கும் ஒரே சந்தோஷம் அது, விட்டுவிடுங்கள்” என்போம். சில மருத்துவமனைகளில் நல்ல நடத்தைக்குப் பரிசாகவே சிகரெட் கொடுத்த காலமும் உண்டு. விட்டால் நோய் மோசமாகும் என்ற பயம் பெரிதாக இருந்தது. 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 8,000-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு மனநோய் இருந்தது. புகையை விட உதவும் நிகோடின் பட்டை, பூப்ரோபியான், வாரனிக்லின் மூன்றையும் மருந்தில்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். மனநலத் தொல்லைகள் இந்த மருந்துகளால் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை; வாரனிக்லின் எடுத்தவர்களே அதிகம் விட்டார்கள். அந்த ஆண்டு இறுதியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, வாரனிக்லின் அட்டையில் இருந்த கடுமையான எச்சரிக்கையை நீக்கியது. ஆகவே உங்கள் அண்ணன் விட விரும்பினால் உதவி கேளுங்கள், கிடைக்கும். ஆனால் ஒரு விஷயம் கட்டாயம்: விடப் போகிறார் என்பதை மனநல மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். புகையில் இருக்கும் கரிப்பொருட்கள் கல்லீரலைத் தூண்டி ஓலான்சபினையும் க்ளோசபினையும் வேகமாகக் கரைக்க வைக்கின்றன. புகை நின்றால் அந்தத் தூண்டுதல் நின்று, அதே மாத்திரையில் இரத்தத்தில் மருந்தளவு ஏறுகிறது. க்ளோசபினில் அது ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ போகலாம். தூக்கம், எச்சில் வடிதல், வலிப்பு வரை கொண்டுபோய்விடும். நிகோடின் பட்டை இதைத் தடுக்காது, ஏனென்றால் கல்லீரலைத் தூண்டியது நிகோடின் அல்ல, புகை. புகைக்கத் தடையுள்ள மருத்துவமனையில் வேறு நோய்க்காகச் சேரும்போதும் இதேதான் நடக்கிறது. கால் உடைந்து சேர்ந்தவர் ஒரு வாரத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தால், மருந்தளவு ஏறியிருக்கிறதா என்று அங்கே கேட்க ஆள் வேண்டும்.

உங்கள் அண்ணன் க்ளோசபினோ, மனநிலை ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் லித்தியமோ எடுக்கவில்லை என்றாலும், இதைப் படிக்கும் வேறு குடும்பங்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். க்ளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் அன்றே வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அதைத் தொடங்கிய முதல் வாரங்களில் நெஞ்சுவலியும் படபடப்பும் வந்தால் இதயத் தசை வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிமோனியா போன்ற கடும் தொற்றில் க்ளோசபின் அளவு தானாகவே ஏறும். இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது, மிகச் சிறிய அளவிலிருந்து ஏற்றி வர வேண்டும். அறுவை சிகிச்சைக்காக எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டு, மூன்றாம் நாள் முழு அளவையும் கொடுக்கிற தவறு நடந்துகொண்டுதான் இருக்கிறது. லித்தியம் எடுப்பவர் மூட்டு வலிக்கு ஐபுப்ரோபென், டைக்ளோபினாக் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது. அவை லித்தியத்தை உடம்பில் தேக்கும். சில இரத்த அழுத்த மாத்திரைகளும் சிறுநீர் பெருக்கிகளும் அப்படியே. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து நீர் வற்றினாலும் ஆபத்து. கை நடுக்கம் கூடி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் அதைப் பித்து என்றோ சோர்வு என்றோ நினைத்துவிடாமல் லித்தியம் அளவைப் பார்க்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது.

இனி அவ்வளவு உறுதியில்லாதவை. உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்ந்த திட்டங்கள் உதவுமா? 2013-இல் அமெரிக்காவில் 291 பேரிடம் நடந்த ஆய்வில், 18 மாத முடிவில் பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட 3.2 கிலோ அதிகம் குறைத்திருந்தார்கள். பிறகு டென்மார்க்கிலும் இங்கிலாந்திலும் 400-க்கும் மேற்பட்டவர்களிடம் தனித்தனியே நடந்த இரண்டு ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. என் அனுபவத்தில், வாரம் பல முறை ஆளோடு ஆளாக நடக்க யாராவது இருந்தால் பலன் இருக்கிறது, காகிதத்தில் அறிவுரை கொடுத்தால் இல்லை. ஆனால் அனுபவம் ஆய்வாகிவிடாது. இதை என் கருத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சந்தேகம் வலியைப் பற்றியது. மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் வலியைக் குறைவாகச் சொல்கிறார்கள். மாரடைப்பும் குடல்வால் வெடிப்பும் பெரிய முனகல் இல்லாமலேயே வந்துபோன நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வலியே குறைவா, அல்லது வலிக்கிறது என்று சொன்னபோதெல்லாம் யாரும் நம்பாததால் சொல்வதை விட்டுவிட்டார்களா என்பது முடிவாகாத விவாதம். நடைமுறையில் இரண்டும் ஒரே இடத்தில்தான் கொண்டுவந்து விடுகின்றன: அவர் “லேசாக எரிகிறது” என்றால், வேறொருவர் “எரிகிறது” என்று துடிப்பதற்குச் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

யாருடைய பொறுப்பு என்ற கேள்வியில் நான் மழுப்ப விரும்பவில்லை. எடை கூட்டும் மருந்தை எழுதுகிறவர், எடையைப் பார்க்கவும் கடமைப்பட்டவர். அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவச் சங்கமும் சேர்ந்து 2004-லேயே அட்டவணை கொடுத்துவிட்டன: மருந்து தொடங்கும்போது எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, எடையை 4, 8, 12-ஆம் வாரங்களிலும் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் 12-ஆம் வாரத்திலும் பிறகு ஆண்டுதோறும். ஒரு எடைக் கருவியும் ஓர் அளவு நாடாவும் போதும் இதில் பாதிக்கு. இருந்தும் எத்தனையோ மனநலப் புறநோயாளிப் பிரிவுகளில் எடைக் கருவி இருப்பதில்லை, இருந்தாலும் அதில் யாரையும் ஏற்றுவதில்லை. இதற்குச் சாக்கு எதையும் நான் ஏற்பதில்லை. அளவு மாறியது தெரிந்த பிறகு, சர்க்கரை நோயையும் இதய நோயையும் சிகிச்சை செய்வது பொது மருத்துவரின் வேலை. அதில் எனக்குப் பயிற்சி போதாது. ஆக ஒருவர் அளக்க வேண்டும், இன்னொருவர் சிகிச்சை தர வேண்டும், இரண்டுக்கும் நடுவில் ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டும். இந்த மூன்றாவது ஆள்தான் எங்கும் இல்லை.

அந்த மூன்றாவது ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் ஒரு மனநல மையத்தில் 407 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2010-இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு ஒரு செவிலியரைத் துணையாக நியமித்தார்கள். அவர் பெரிதாக எதுவும் செய்யவில்லை: என்ன பரிசோதனை பாக்கி என்று பார்த்தார், நேரம் வாங்கிக் கொடுத்தார், போனார்களா என்று கேட்டார், மருத்துவர்களிடம் எடுத்துச் சொன்னார். ஓராண்டில், கிடைக்க வேண்டிய நோய்த்தடுப்புச் சேவைகளில் 58.7 சதவீதம் அவர்களுக்குக் கிடைத்தது. துணை இல்லாதவர்களுக்கு 21.8 சதவீதம். இப்படிப்பட்ட ஏற்பாடு ஆயுளையே நீட்டுமா என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. கதவைத் திறந்துவிடும் என்பது மட்டும் தெளிவு. உங்கள் வீட்டில் அந்தச் செவிலியரின் வேலையை இப்போது நீங்கள் செய்துகொண்டிருக்கிறீர்கள், சம்பளமும் பயிற்சியும் இல்லாமல். நீங்கள் தோற்றுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். தோற்றது நீங்கள் அல்ல.

அடுத்த முறை பொது மருத்துவரிடம் போகும்போது சிலவற்றை மாற்றிப் பாருங்கள். ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: மேல் வரியில் இன்றைய தொல்லை, எப்போது தொடங்கியது, எதைச் செய்தால் வருகிறது, எத்தனை படி ஏறினால் நிற்கிறார். அடுத்து புகைப்பழக்கம், எடை எப்போது எவ்வளவு இருந்தது, குடும்பத்தில் யாருக்காவது இதய நோயோ சர்க்கரையோ உண்டா. மருந்துகளின் பட்டியல் தாளின் அடியில் இருக்கட்டும். மறைக்கச் சொல்லவில்லை, மறைப்பது ஆபத்து, அசித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் சில மனநோய் மருந்துகளோடு சேர்ந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன். மருத்துவர் முதலில் நெஞ்சைப் பற்றிக் கேட்கட்டும், பிறகு மனதைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும். “மனநல மருத்துவரிடம் போங்கள்” என்று மறுபடி சொன்னால், அமைதியாக இப்படிக் கேளுங்கள்: “இதே வயதில், இதே புகைப்பழக்கத்தோடு, மனநோய் இல்லாத ஒருவர் இந்தத் தொல்லையோடு வந்திருந்தால் என்ன பரிசோதனை எழுதியிருப்பீர்கள்?” கோபத்தைவிட இந்தக் கேள்வி வேலை செய்கிறது, ஏனென்றால் பெரும்பாலான மருத்துவர்களுக்கு அதற்கான பதில் தெரியும். அப்போதும் பரிசோதனை வேண்டாம் என்றால், வேண்டாம் என்பதற்கான காரணத்தைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். மனநல மருத்துவரிடம், வாய்மொழியாக அனுப்பாமல், “நெஞ்செரிச்சலும் மூச்சுவாங்கலும் என் மதிப்பீட்டில் மனநோயின் அறிகுறிகள் அல்ல, இதயத்தைப் பரிசோதிக்கவும்” என்று ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். அந்த இரண்டு வரியை எழுத அவருக்கு ஒரு நிமிடம் ஆகும். நான் எழுதிய அப்படிப்பட்ட கடிதங்கள் திறந்த அளவுக்குக் கதவுகளை வேறெதுவும் திறந்ததில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்திருக்கட்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை, 2006-இல் ஏற்கப்பட்டது, தன் 25-ஆம் பிரிவில் இவர்களுக்கும் மற்றவர்களுக்குச் சமமான தரத்தில், அவர்களுடைய சம்மதத்தோடு சிகிச்சை தர வேண்டும் என்கிறது. நீண்ட கால மனநலக் குறைபாடும் அதில் அடங்கும். அதே பிரிவில் இருக்கும் சம்மதம் என்ற சொல்லை நாமும் மறந்துவிடக் கூடாது. அண்ணன் பரிசோதனைக்கு மறுத்தால், நோயினால் மறுக்கிறார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஊசி பயமா, கூட்டமான காத்திருப்பு அறையா, முன்பொருமுறை கட்டிப் பிடித்து ஊசி போட்ட நினைவா என்று கேளுங்கள். காத்திருக்க முடியாதவருக்கு அன்றைய முதல் நேரத்தை வாங்கலாம். எப்படியும் மனநல சிகிச்சைக்கு வரும் நாளிலேயே இரத்தமும் எடுத்துவிடச் சொல்லலாம். ஈசிஜியில் ஒட்டப்படும் கம்பிகள் உடம்புக்குள் எதையும் செலுத்துவதில்லை, உடம்பிலிருந்து வருவதைக் கேட்க மட்டுமே செய்கின்றன என்று முன்பே விளக்கினால், மறுத்தவர்களில் பலர் ஒத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். குரல்கள் கேட்கும் ஒருவருக்கு, உடம்பில் கம்பி ஒட்டும்போது என்ன தோன்றும் என்று ஒரு கணம் யோசித்தால் அந்த விளக்கம் ஏன் தேவை என்பது புரியும்.

கடைசியாக, உங்கள் கேள்வி முழுவதிலும் அண்ணன் சொன்ன வார்த்தை ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தேன். குறையாகச் சொல்லவில்லை, பத்தொன்பது ஆண்டுகளாக அவருக்காகப் பேசிப் பழகிவிட்டீர்கள். இன்று மாலை அவரிடம் நெஞ்சுக்குள் எப்படி இருக்கிறது என்று கேட்டு, அவர் சொல்வதைத் திருத்தாமல் அப்படியே அந்தத் தாளின் முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் அறைக்குள் போனதும் அதை முதலில் அவரே சொல்லட்டும். அவர் நிறுத்திய பிறகு நீங்கள் தொடருங்கள்.